சதுரங்கத்துக்கு ஒரு பாட்டு

உக்ரைன் மீது போர் தொடுத்ததால் ரஷ்யா நடத்தும் வாய்ப்பை இழந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாட், 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தில் நடந்தது. ஏற்பாட்டுக்குக் கிடைத்தவை நான்கே மாதங்கள். அந்த அவசரத்துக்கு நடுவே தமிழக அரசு வெளியிட்ட விளம்பரப் பாடல்தான் 'வணக்கம் சென்னை'. இசை ஏ.ஆர்.ரஹ்மான், காட்சி இயக்கம் விக்னேஷ் சிவன்.

விளம்பரப் பாடல் ரஹ்மானுக்குப் புதிதல்ல. இளையராஜா உள்ளிட்டோரின் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர்; பிறகு விளம்பர ஜிங்கிள்கள் போட்டவர். சில நொடிகளில் ஒரு மெட்டை மனதில் ஒட்டவைக்கும் வித்தை அங்கே கைவந்தது. ஒலிகளை அடுக்கடுக்காகப் பதிந்து, பின்பு கூட்டியும் குறைத்தும் பாடலை உருவாக்கும் முறையை 1992-இல் அவர் இசையமைத்த 'ரோஜா' படம் தமிழகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது. விழாப் பாட்டுக்கு இது தோதான வழி.

ஜூலை நடுவில் முன்னோட்டம் வந்தது. வெள்ளை உடையில் முதல்வர் மு.க.ஸ்டாலினும் ரஹ்மானும் சென்னையில் கூவத்தின் மீதுள்ள நேப்பியர் பாலத்தில் தோன்றினர். மெட்டைவிடப் பாலமே அதிகம் பேசப்பட்டது என்பதுதான் உண்மை. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பூசிய அந்தப் பாலத்தில் செல்ஃபிக் கூட்டம் மொய்த்தது. வாகன ஓட்டிகளின் கவனம் சிதறும் என்ற முணுமுணுப்பும் எழுந்தது. ஆட்டம் நடந்ததோ ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், மாமல்லபுரம் பூஞ்சேரியில். தலைப்பில் மாமல்லபுரத்துக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

போட்டியின் முடிவில், பொதுப்பிரிவில் உஸ்பெகிஸ்தானும் மகளிர் பிரிவில் உக்ரைனும் தங்கம் வென்றன. இந்தியாவுக்கு இரண்டிலும் வெண்கலம்.