நெஞ்சம் மறப்பதில்லை (1963 திரைப்படம்)

நெஞ்சம் மறப்பதில்லை 1963 ஆம் ஆண்டில் வெளிவந்த கறுப்பு வெள்ளைத் தமிழ்த் திரைப்படமாகும். ஸ்ரீதர் இயக்கிய இப்படத்தில் கல்யாண்குமார், தேவிகா, எம். என். நம்பியார், நாகேஷ் ஆகியோர் நடித்துள்ளனர். ஒளிப்பதிவை ஏ. வின்சென்ட் மேற்கொண்டார். கண்ணதாசன் எழுதிய பாடல்களுக்கு விசுவநாதன் - இராமமூர்த்தி இரட்டையர் இசையமைத்தனர். மறுபிறவியை மையமாகக் கொண்ட இப்படம் காதல் படமா, திகில் படமா என்ற கேள்வி அதைப் பார்ப்பவர்களிடையே தொடர்ந்து எழுவதாகும்.

இதே பெயரில் செல்வராகவன் இயக்கிய திகில் படம் ஒன்று 2021 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது இப்படத்தின் மறு ஆக்கம் அன்று.

கதைச் சுருக்கம்

(கதையின் முடிவு இப்பகுதியில் கூறப்படுகிறது.)

நகரத்து இளைஞன் ஒருவன் தன் நண்பனின் கிராமத்துக்கு வருகிறான். அங்குள்ள பாழடைந்த மாளிகை அவனைக் காரணமின்றி ஈர்க்கிறது. முன்பு கண்டிராத அந்த இடம் அவனுக்கு நன்கு அறிந்த இடமாகத் தோன்றுகிறது. படிப்படியாக அவனுக்கு முற்பிறவி நினைவுக்கு வருகிறது. அப்பிறவியில் அவன் ஜமீன்தாரின் மகன். எளிய உழவர் குடும்பத்துப் பெண்ணான கண்ணம்மாவைக் காதலித்தவன். ஜமீன்தார் அக்காதலைத் துப்பாக்கி கொண்டு முடித்து வைத்தார். இப்பிறவியில் காதலர் இருவரும் மீண்டும் சந்திக்கின்றனர். ஆனால் 109 வயதான அந்த ஜமீன்தார் இன்னும் உயிருடன் இருக்கிறார். அவர்களைப் பிரிக்கும் வெறியும் அவரிடம் தணியவில்லை. இறுதியில் அவர் புதைகுழியில் சிக்கி மாண்டுபோகிறார்.

மாளிகைத் திகில் என்னும் வகை

பாழடைந்த மாளிகை, அதனுள் புதைந்த பழைய குற்றம், அக்குற்றத்தின் விளைவைச் சுமக்கும் அடுத்த தலைமுறை ஆகியவற்றைக் கொண்ட கதைகள் ஐரோப்பிய இலக்கியத்தில் 'கோதிக்' எனப்படுகின்றன. 1764 ஆம் ஆண்டில் ஹோரஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை' என்னும் ஆங்கிலப் புதினம் இவ்வகையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

திரைப்படங்களிலும் இவ்வகை பல நாடுகளில் வளர்ந்தது. எடுத்துக்காட்டாக எசுப்பானியாவில் 1960களில் இவ்வகைப் படங்கள் பெருகத் தொடங்கின. ஜெனரல் பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியும் தணிக்கையும் நிலவிய அக்காலத்தில், கொடுமைகள் வேறு நாட்டில் நடப்பதாகக் காட்டுவது அங்கே வழக்கமாக இருந்தது. 1969 இல் வெளிவந்த 'லா ரெசிடென்சியா' என்ற புகழ்பெற்ற எசுப்பானியத் திகில் படத்தின் களம், 19 ஆம் நூற்றாண்டுப் பிரான்சு நாட்டின் பெண்கள் விடுதிப் பள்ளி ஒன்றாகும்.

இந்தியில் மகல் (1949), மதுமதி (1958) ஆகிய படங்கள் இவ்வகைக்கு வழி வகுத்தன. இவற்றுள் மதுமதியும் மறுபிறவிக் கதையே ஆகும். அதில் வைஜயந்திமாலா கதாநாயகியாக நடித்தார்.

இப்படத்தின் களம் அயல்நாடு அன்று; தமிழ்நாட்டுக் கிராமமும் ஜமீன் மாளிகையும் ஆகும். சென்னை மாகாணத்தில் ஜமீன் முறையை ஒழிக்கும் சட்டம் 1948 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. எனவே 1963 இல் திரையரங்குக்கு வந்த நடுத்தர வயதினர் பலருக்கு ஜமீன் ஆட்சி நேரில் கண்ட நினைவாகும். கேட்பாரற்ற மாளிகையும், அதிகாரம் போன பின்னும் ஆணவம் போகாத முதியவரும் அவர்களுக்குப் புதியன அல்ல.

பார்வையாளர் கருத்துகள்

இப்படத்தைப் பற்றிய கருத்துகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இது காதல் படம் என்னும் கருத்து. இதற்குப் பெரிதும் காரணம் தலைப்புப் பாடலாகும். பி. பி. ஸ்ரீநிவாஸ், பி. சுசீலா ஆகியோர் பாடிய 'நெஞ்சம் மறப்பதில்லை' என்ற பாடல், படத்தைப் பார்க்காதவர்களுக்கும் நன்கு தெரிந்ததாகும். திரைப்பாடல்கள் வானொலி, தொலைக்காட்சி வழியாகப் படத்திலிருந்து பிரிந்து தனியே வாழ்பவை. பாடலை மட்டும் கேட்பவர் அதில் பிரிவையும் ஏக்கத்தையுமே காண்கிறார். கதைக்குள் அதே பாடல் ஒரு பிறவியிலிருந்து மற்றொரு பிறவிக்கு விடுக்கப்படும் அழைப்பாக ஒலிப்பதால் அச்சத்தையும் தருகிறது.

இரண்டாவது, பேயே இல்லாத படத்தைத் திகில் படம் என்பது பொருந்தாது என்னும் கருத்து. இப்படத்தில் ஆவி எவரையும் பழிவாங்குவதில்லை. அச்சுறுத்துபவர் உயிருள்ள மனிதர். இதற்கு மறுமொழியாக, அதுவே படத்தின் சிறப்பு எனலாம். இறந்தவர்கள் அன்புக்காகத் திரும்பி வருகிறார்கள். வாழ்பவரோ கொலைக்காகக் காத்திருக்கிறார். பிறவி மாறியும் காதலர்க்கு விடுதலை இல்லை என்பதே இங்கு அச்சத்தின் ஊற்று ஆகும். நம்பியார் ஏற்ற முதிய ஜமீன்தார் வேடம் அவருடைய குறிப்பிடத்தக்க வேடங்களுள் ஒன்றாக நினைவுகூரப்படுகிறது.

மூன்றாவது, நம்பிக்கை பற்றிய எதிர்ப்பு. மறுபிறவியை உண்மை எனக் காட்டும் கதை மூடநம்பிக்கையை வளர்க்காதா என்பது, பகுத்தறிவு இயக்கம் வேரூன்றிய தமிழ்நாட்டில் எழக்கூடிய இயல்பான கேள்வியாகும். படம் இதற்கு அறிவியல் விளக்கம் எதையும் தர முற்படவில்லை. ஆயினும் மறுபிறவியை ஏற்காதவரும் கதையின் மையத்தில் உள்ள குற்றத்தை மறுக்க முடியாது. குடும்பப் பெருமைக்காகப் பெற்ற மகனின் காதலை இரத்தத்தில் முடிக்கும் தந்தையைக் காண மறுபிறவி நம்பிக்கை தேவையில்லை. இன்று ஆணவக் கொலை எனப்படும் கொடுமையை இப்படம் அச்சொல் இன்றியே காட்டுகிறது.

இவை தவிர, நாகேஷின் நகைச்சுவைப் பகுதிகள் கதையின் இறுக்கத்தைக் குறைப்பதாக இன்றைய பார்வையாளருக்குத் தோன்றலாம். பாடலும் நகைச்சுவையும் எல்லாப் படங்களிலும் இடம்பெற வேண்டும் என்பது அக்கால வழக்கம் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஒளிப்பதிவு

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தின் வேலையை ஒளியே செய்தாக வேண்டும். முகத்தின் ஒரு பகுதியில் மட்டும் வெளிச்சத்தை விழச் செய்து மறுபகுதியை இருளில் விடும்போது, காட்டப்படாத பகுதியைப் பார்வையாளரின் கற்பனை நிரப்புகிறது. சட்டத்தின் பெரும்பகுதி இருளாக இருந்தால் ஆள் சிறியவராகவும் மாளிகை பெரியதாகவும் தோன்றும். திகில் படங்களில் கையாளப்படும் அடிப்படை உத்திகள் இவை.

வின்சென்ட் இதற்கு முந்தைய ஆண்டில் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தை ஒரு மருத்துவமனை அரங்குக்குள்ளேயே பெரும்பாலும் படமாக்கிப் பாராட்டுப் பெற்றவர். 1964 ஆம் ஆண்டில் அவர் இயக்குநராக அறிமுகமான 'பார்கவி நிலையம்' என்ற மலையாளப் படமும், ஆவி நடமாடுவதாகக் கருதப்படும் பழைய வீட்டைப் பற்றியதே ஆகும். வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய சிறுகதையை அடிப்படையாகக் கொண்ட அப்படம் மலையாளத் திகில் படங்களின் முன்னோடியாகப் போற்றப்படுகிறது.

பிற தமிழ்ப் படங்களுடன் ஒப்பீடு

தமிழ்த் திகில் படங்கள் தம் மர்மத்தை அவிழ்க்கும் முறைகள் பல. 'யார் நீ?' (1966), 'அதே கண்கள்' (1967) ஆகியவற்றில் அச்சத்துக்குக் காரணம் மனிதரின் சூழ்ச்சி என்பது முடிவில் வெளிப்படுகிறது. 'சந்திரமுகி' (2005) உளநோயைக் காரணமாகக் காட்டுகிறது. 'காஞ்சனா' (2011) ஆவியை உண்மையாகவே காட்டி, அநீதிக்கு அது நியாயம் கேட்பதாக அமைக்கிறது.

நெஞ்சம் மறப்பதில்லை இம்முறைகளுள் எதிலும் அடங்குவதில்லை. அதில் இயற்கைக்கு அப்பாற்பட்ட நிகழ்வு உண்மையானது. ஆனால் தீமை முழுவதும் மனிதருடையது. படத்தின் வகை குறித்துப் பார்வையாளர்கள் மாறுபட இதுவே முதன்மையான காரணம் எனலாம்.