முதல் தேர்வு யாருக்கு?

வினைக்குரியவரை ஆராய்ந்து தேர்தலின் அருமையை உணர்ந்த வள்ளுவப் பெருந்தகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என இரண்டு அதிகாரங்களை அதற்கென வகுத்தார். ஆளை ஆராய்ந்து தெளிவது ஒன்று. தெளிந்தவரை அவருக்கேற்ற வினையில் அமர்த்துவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே வேண்டப்படும் இடங்களுள் கால்பந்தாட்டக் களமும் ஒன்றாகும்.

சம்பா அறுவடை முடிந்த வயல்களிலும் பள்ளித் திடல்களிலும் நம் தஞ்சைத் தரணி இளைஞர்கள் பந்தாடுவதையும், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் தொடர்போட்டிகளைக் காண மக்கள் திரள்வதையும் நாம் அறிவோம். ஆட்டம் தொடங்குமுன் இரு தலைவர்கள் எதிரெதிரே நின்று, "எனக்கு இவன்", "எனக்கு அவன்" என்று மாறிமாறி ஆளெடுப்பார்கள். முதலில் அழைக்கப்படுபவன் பெரும்பாலும் கோல் போடுபவனாக இருப்பான். அன்றேல் தலைவனின் தெருக்காரனாக இருப்பான். இவ்விரு வழக்கங்களும் சரிதானா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

ஏலமும் முறைத்தேர்வும்

தொழில்முறை ஆட்டங்களில் வீரர்களைப் பங்கிட இரு வழிகள் உண்டு. ஏலத்தில் பணம் மிகுந்தவர் வெல்வர். டிராஃப்ட் எனப்படும் முறைத்தேர்விலோ அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். இந்தியன் சூப்பர் லீகில் இரண்டும் நிகழ்ந்தன. 2015இல் நடந்த ஏலத்தில் சுனில் சேத்ரியை மும்பை அணி ரூ.1.20 கோடிக்குப் பெற்றது. 2017 ஜூலையில் மும்பையில் நடந்த முறைத்தேர்வில் வீரர்களுக்குத் தொகை முன்னரே குறிக்கப்பட்டிருந்தது; யாரை எப்போது எடுப்பது என்பது மட்டுமே அணிகளின் அறிவுக்கு விடப்பட்டது.

கணக்கு கூறும் உண்மை

ஆறு அணிகள் உள்ளன எனக் கொள்வோம். முதற்சுற்றில் ஒன்றுமுதல் ஆறுவரையும், இரண்டாம் சுற்றில் ஆறுமுதல் ஒன்றுவரையும் அணிகள் தேர்கின்றன. முதலில் எடுத்த அணிக்கு மறுவாய்ப்பு பன்னிரண்டாவதாகவே வரும். இடையில் பத்து வீரர்கள் பிறர் கைக்குச் சென்றிருப்பார்கள்.

முன்கள வீரருள் தலைசிறந்தவருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் தருவோம். அவ்வகையினர் பலர் இருப்பதால், மறுவாய்ப்பு வரும்போதும் எண்பத்துநான்கு பெறுபவர் ஒருவர் எஞ்சியிருப்பார். பின்களத்தில் தலைசிறந்தவர் எண்பத்தைந்து பெறுகிறார்; நல்லவர் சிலரே ஆதலின், பின்னர் எஞ்சுபவர் அறுபதே பெறுவார். முன்கள வீரரை முதலில் எடுத்தால் இருவருக்கும் சேர்த்து நூற்றைம்பது. பின்கள வீரரை முதலில் எடுத்தாலோ நூற்று அறுபத்தொன்பது! ஆகவே "இவர்களுள் சிறந்தவர் யார்?" என்று மட்டும் கேட்பது போதாது. "இப்போது விட்டால் மீண்டும் கிடைக்காதவர் யார்?" என்றும் கேட்க வேண்டும்.

இது நம் உழவருக்குப் புதிதன்று. உண்ணும் நெல் குறைந்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். நம்பத்தக்க விதையைப் பட்டம் வந்தபின் தேடி அலைய முடியாது. அதனாலன்றோ விதைநெல்லை முதலில் எடுத்து வைக்கின்றனர்!

ஜாம்ஷெட்பூரின் முடிவு

2017இல் புதிதாகச் சேர்ந்த ஜாம்ஷெட்பூர் அணியே முதல் வீரரைத் தேர்ந்தது. பயிற்றுநர் ஸ்டீவ் கோப்பல். அந்த அணி எடுத்தவர் மலப்புரம் மாவட்டத்துப் பின்கள வீரர் அனஸ் எடத்தொடிகா. அவருக்குக் குறித்த தொகை ரூ.1.10 கோடி. அதே தொகை குறிக்கப்பட்ட நடுக்கள வீரர் யூஜின்சன் லிங்டோ கொல்கத்தா அணிக்குச் சென்றார். அப்பருவத்தில் களத்தில் வெளிநாட்டவர் ஐவர்க்கு மேல் ஆடலாகாது என்பது விதி. கோல் போடும் பணிக்கு வெளிநாட்டவரைக் கொணரும் வழக்கம் பரவியிருந்த நிலையில், பின்களத்தை நம்பி ஒப்படைக்கத்தக்க இந்தியர் அரியராகவே இருந்தனர். அவ்வகையில் இத்தேர்வு காரணமுடையது எனலாம்.

ஆயினும் காயத்தால் அனஸ் பல ஆட்டங்களில் பங்குகொள்ள இயலவில்லை. ஜாம்ஷெட்பூர் ஐந்தாம் இடம் பெற்று, இறுதிக்கட்டத்துக்குரிய நான்கு இடங்களை இழந்தது. இதனால் முடிவே தவறு என்பார் உளர். அஃது அவ்வாறன்று. நல்ல விதையிட்டும் வெள்ளத்தால் பயிர் அழிவதுண்டு. அதற்காக விதை பொறுக்குவதை எவரும் கைவிடுவதில்லை. அதே பருவத்தின் இறுதியாட்டத்தில், 2018 மார்ச் 17 அன்று, சென்னையின் எஃப்.சி. பெங்களூருவை 3–2 என வென்றது. சென்னையின் மூன்று கோல்களில் இரண்டை அடித்தவர் பின்கள வீரரான மைல்சன் ஆல்வெஸ் என்பது எண்ணத்தக்கது.

மறுபக்கம்

தேவையை மட்டுமே நோக்குவதும் இடர் தரும். 1984இல் அமெரிக்கக் கூடைப்பந்து முறைத்தேர்வில் ஹூஸ்டன் அணி முதலில் ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்தது. இரண்டாவதாகத் தேர்ந்த போர்ட்லாந்து அணியிடம் கிளைட் டிரெக்ஸ்லர் ஏற்கெனவே இருந்தார். அதே இடத்தில் ஆடும் இன்னொருவர் எதற்கு என்று எண்ணிய அவ்வணி, நெடிய சாம் போவியை எடுத்தது. கல்லூரி நாளிலேயே காலில் காயமுற்றவர் அவர். பின்னரும் காயங்களால் துன்புற்றார். மூன்றாவதாகச் சிகாகோ எடுத்தவரோ மைக்கேல் ஜோர்டன்! அவர் ஆறு முறை வாகை சூடினார். எனவே அருமை, திறமை, உடல்நிலை ஆகிய மூன்றையும் ஒருசேரச் சீர்தூக்க வேண்டும் என்பது பெறப்படும்.

இந்தியன் சூப்பர் லீகில் 2017க்குப் பின் முறைத்தேர்வு நடைபெறவில்லை. கழகங்கள் வீரர்களோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. எனினும் நம் கல்லூரித் திடலிலும் ஊர்க் கழகங்களிலும் தேர்வு நாள்தோறும் நிகழ்கிறது. ஒரே ஆட்டத்தைக் கண்டு முடிவு கூறாமல் பல ஆட்டங்களை நோக்குவோம். கோல் போட்டவனைப் போலவே கோலைத் தடுத்தவனையும் குறித்து வைப்போம். உறவும் தெருவும் பார்த்து ஆளெடுக்கும் இடத்தில், திறமையிருந்தும் கடைசிவரை அழைக்கப்படாமல் நிற்கும் மாணவன் ஒருநாள் திடலுக்கு வருவதையே நிறுத்திவிடுவான். அந்த இழப்பு அவனுக்கு மட்டுமன்று, அணிக்கும் ஊருக்கும் உரியது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்போர் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக.