மயக்க மருந்துக்குக் கையெழுத்துப் போடும் முன்

"ஆபரேஷன் நடக்கும்போதே டாக்டர்கள் பேசியது கேட்டது, கத்த முடியவில்லை" என்று நோயாளி சொன்னால், "கனவு கண்டிருப்பாய்" என்று வீட்டாரே வாயை அடைத்துவிடுகிறார்கள். மருத்துவமனையும் அதையே சொல்லி டிஸ்சார்ஜ் செய்கிறது. இது பெரிய தவறு.

முழு மயக்கத்தில் தூங்க ஒரு மருந்து, வலி தெரியாமலிருக்க ஒன்று, தேவைப்பட்டால் தசை தளர ஒன்று எனக் கொடுப்பார்கள். தசை தளர்ந்து, தூக்க மருந்து மட்டும் குறைந்துபோனால், விழித்திருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. பிரிட்டன், அயர்லாந்தில் நடந்த பெரிய ஆய்வில் (2014), சுமார் 19,000 முழு மயக்கங்களுக்கு ஒருவர் இப்படிப் புகார் சொன்னார்; முழு மயக்கத்தில் நடந்த சிசேரியனில் சுமார் 670-க்கு ஒருவர். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் பேச்சுக் கேட்பது இயல்பு. அதை இதோடு குழப்ப வேண்டாம்.

முழு மயக்கத்தில் இப்படி விழிப்பு வராமல் கவனிக்க உதவுவது 'பிஸ்' மானிட்டர். நெற்றியில் ஒட்டும் பட்டை மூளையின் மின்னலைகளை வாங்க, திரையில் 0 முதல் 100 வரை ஓர் எண் தெரியும். முழு மயக்கத்தில் 40 முதல் 60 வரை இருக்கப் பார்ப்பார்கள். கெட்டமின் போன்ற மருந்து அந்த எண்ணை உயர்த்திக் காட்டும். எனவே கருவி மட்டும் போதாது, மயக்க மருத்துவரும் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். மயக்க வாயு இல்லாமல் ரத்தக் குழாய் வழியாக மட்டுமே மயக்கம் கொடுத்து, தசையையும் தளர்த்தும்போது இந்தக் கருவி மிகவும் அவசியம்.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, படிக்காமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மயக்க மருத்துவரை முன்கூட்டியே நேரில் பார்த்து, "மயக்கத்தின் ஆழத்தை எப்படிக் கண்காணிப்பீர்கள்?" என்று கேளுங்கள். முன்பு ஆபரேஷனில் விழிப்பு வந்ததா, தினசரி குடியா, தூக்க மாத்திரையா? மறைக்காமல் சொல்லுங்கள்.

விழிப்பு வந்திருந்தால் அன்றே சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. 'அனஸ்தீசியா சார்ட்' நகலைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். "நாளைக்கு வாங்க" என்பது பதிலாகாது.

மருத்துவர் மீதான புகாருக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்; கட்டணம் செலுத்திய சிகிச்சைக்கு இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். கெட்ட கனவும் பயமும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: அனஸ்தீசியா சார்ட் நகலை உடனே கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாமல் வழக்கு நிற்பது கடினம்.