எட்டு உதைகளின் கணக்கு

ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று கோல் போடும் அணி ஒன்று உங்கள் பிரிவில் இருக்கிறது. உங்கள் சராசரி ஒன்றரை. பருவத்தில் இரண்டு தடவை அவர்களோடு மோதியே ஆகவேண்டும். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, மாலையில் மைதானத்தோரம் நின்று கேட்டால் இதற்கு வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "அவங்க நாலு போட்டா நாம அஞ்சு போடுவம்." வீரமான பேச்சு. கணக்கில் கட்டுப்படியாகாத பேச்சு.

கோல்கள் அபூர்வமாக, ஒன்றையொன்று சாராமல் விழுகின்றன என்று எடுத்துக்கொண்டால் உயர்தரத்தில் படித்த புவாசோன் பரம்பலே இதற்குப் போதும். எதிரணி நம்மைப்போல இரண்டு மடங்கு கோல் போடும் என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, ஆட்டத்தில் விழும் மொத்தக் கோல்களை மட்டும் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். நூறு ஆட்டத்துக்கு நம் பங்கு இப்படி வருகிறது:

திறந்த ஆட்டம் (அவர்கள் 4, நாம் 2): வெற்றி 15, சமநிலை 12, தோல்வி 73
வழமையான ஆட்டம் (அவர்கள் 3, நாம் 1.5): வெற்றி 17, சமநிலை 15, தோல்வி 68
இறுக்கிய ஆட்டம் (அவர்கள் 1.5, நாம் 0.75): வெற்றி 19, சமநிலை 26, தோல்வி 55

மூன்று வரியிலும் அவர்கள் நம்மைப்போல இருமடங்குதான். ஆனாலும் கோல் குறையக் குறைய நம் கை ஓங்குகிறது. வெற்றி நான்கே நான்குதான் கூடுகிறது என்பதையும் மறைக்கவேண்டாம். இலாபத்தின் பெரும்பகுதி சமநிலையில் கிடக்கிறது. வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1 என்ற புள்ளிக் கணக்கில் (முழு எண்ணாக்காமல் கணக்கிட்டால்) திறந்த ஆட்டம் 0.57 தருகிறது, இறுக்கிய ஆட்டம் 0.82. ஊர்க் கழகங்கள் அடிக்கடி நடத்தும் விலகல் முறைச் சுற்றுப்போட்டியில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. சமநிலை பெனல்டிக்குப் போகும், அதில் பாதி நமக்கென்று வைத்தால் அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 21இலிருந்து 32 ஆகிறது.

தேசிய அணியின் ஏட்டைப் புரட்டினால் இதற்குச் சாட்சி கிடைக்கும். 2022 உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் இலங்கை இருந்த பிரிவில்தான் தென் கொரியாவும் இருந்தது. 2019 ஒக்டோபர் 10, ஹ்வாசொங் நகரில் 8–0. இடைவேளைக்கு முன்பே ஐந்து. இரண்டு மீற்றரை எட்டிப்பிடிக்கும் உயரம் கொண்ட கிம் ஷின்-வூக் தனியாளாக நான்கு போட்டார். 2021 ஜூன் 9, கோயாங்கில் 5–0. வட கொரியா விலகியதால் அதன் ஆட்டங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பிரிவு முடியும்போது தென் கொரியா போட்டது 22, வாங்கியது 1. இலங்கை வாங்கிய 23 கோல்களில் 13 கொரியர்களுடையவை. இதே கொரிய அணியை லெபனான் 2019 நவம்பர் 14 பெய்ரூட்டில் 0–0 என்று நிறுத்தியது. 2021 ஜூனில் கொரிய மண்ணில் 2–1 என்றுதான் தோற்றது. இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்துக் கொடுத்தது இரண்டு கோல்.

லெபனான் நம்மைவிடப் பலமான அணி, அதனால் முடிந்தது என்பார்கள். அப்படியென்றால் 2021 ஒக்டோபர் 7ஐ என்ன செய்வது? மாலேயில் தெற்காசியக் கிண்ணம். பிபா தரவரிசையில் இந்தியா 107, இலங்கை 205. முடிவு 0–0. அந்தத் தொடரில் இலங்கை பெற்ற ஒரேயொரு புள்ளி, கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிய அணியிடமிருந்து வந்தது. நேபாளத்தோடு இரண்டு கோல் போட்ட ஆட்டத்தில் 3–2 என்று தோல்வி.

மூன்றை எப்படி ஒன்றரை ஆக்குவது? கோல் என்று யோசித்தால் பிடி கிடைக்காது, கோலை நோக்கி அடிக்கும் உதைகளாக உடைத்துப் பார்க்கவேண்டும். எதிரணி ஆட்டத்துக்கு 20 தடவை அடிக்கிறது என்று வைப்போம்: பெனல்டிப் பெட்டிக்குள்ளிருந்து 14, வெளியிலிருந்து 6. கூர்மையான முன்வரிசை உள்ளே ஐந்துக்கு ஒன்றைப் போடும். வெளியிலிருந்து அடிப்பதில் நூற்றுக்கு மூன்று நான்குதான் வலைக்குள் போகும். 14 × 0.2 = 2.8, 6 × 0.035 = 0.21. ஆக மூன்று. இனி உள்ளிருந்து வரும் 14ஐ 6 ஆக்குங்கள்; குறைந்த எட்டில் மூன்று வெளியே தள்ளப்பட்டு 9 ஆகட்டும். 1.2 + 0.3 = 1.5. ஒரு தடுப்பாளர் செய்யவேண்டிய அதிசயம் எதுவும் இதில் இல்லை. தொண்ணூறு நிமிடத்தில் எட்டு உதைகள், பதினொரு நிமிடத்துக்கு ஒன்று. அவ்வளவுதான் முழு அணிக்கும் உள்ள வேலை.

வெளியே தள்ளுவது ஏன் இவ்வளவு இலாபம் என்பதைக் கோல் கம்பங்களே சொல்லும். அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44. பெனல்டிப் புள்ளியில், அதாவது 11 மீற்றரில் நிற்பவருக்கு இரு கம்பங்களுக்கும் இடையே தெரியும் கோணம் ஏறத்தாழ 37 பாகை. நேராகப் பின்வாங்கி 20 மீற்றருக்குப் போனால் 21 பாகை. அதே 11 மீற்றர்த் தூரத்தில் ஆனால் 15 மீற்றர் பக்கவாட்டில் நின்றால் 14 பாகைதான். எனவே ரைட் பேக் ஆடும் பொடியனுக்கு முதலில் பழக்கவேண்டியது நிற்கும் விதம். பந்தோடு வருபவனுக்கு நெஞ்சைக் காட்டி நேரே நிற்கக்கூடாது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, உடம்பு அரைவாசி திரும்பி, உள்பக்கத்தை அடைத்து எல்லைக்கோட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டு, ஒன்றரைக் கை தூரத்தில் பின்னோக்கி நகரவேண்டும். பந்தைப் பறிக்கக் காலை நீட்டவேண்டாம். அவன் கோட்டோரம் ஓடி முடித்தால் அவனுக்கு மிஞ்சுவது அந்த 14 பாகை. அங்கிருந்து கோபத்தில் ஒன்று அடித்தால் வெளியிலிருந்து ஒரு குரல் வரவேண்டும்: "விடு மனே, அடிக்கட்டும்!" அந்த அடி நமக்கு வரவு.

இடத்தின் கணக்கும் இதுபோலத்தான். 105க்கு 68 மீற்றர் மைதானம் 7,140 சதுர மீற்றர். கோல்காப்பாளரை விட்டால் பத்துப்பேர், ஆளுக்கு 714. எவராலும் காக்கமுடியாத பரப்பு. பத்துப்பேரும் 40 மீற்றர் அகலம், 30 மீற்றர் ஆழத்துக்குள் சுருங்கினால் 1,200, ஆளுக்கு 120. பந்து இடப்பக்கம் போனால் மொத்தக் கட்டும் இடப்பக்கம் நகரவேண்டும், ஒருவர் நடந்தாலும் கட்டு கிழியும். விதிப்படி மைதானத்தின் அகலம் 45 மீற்றர்வரை குறையலாம் என்பதால் கிராமத்து மைதானங்களில் இந்தச் சுருக்கம் இன்னும் மலிவு. எதிரணி தன் இடத்தில் ஆடக் கூப்பிட்டாலும், போகும் முன் ஒருவர் சென்று காலடியால் அகலத்தை அளந்துவருவது நல்லது.

உலக வரலாற்றில் கோல் மழை பொழிந்த அணியை வீழ்த்தியதற்கு 1954ஐவிடப் பெரிய உதாரணம் இல்லை. ஹங்கேரி அந்த உலகக் கிண்ணத்தில் 5 ஆட்டங்களில் 27 கோல் போட்டது, ஆட்டத்துக்கு 5.4. ஜூன் 20 பாசெலில் மேற்கு ஜெர்மனியை 8–3 என்று துவைத்தெடுத்தது. ஜெர்மன் பயிற்றுவிப்பாளர் செப் ஹெர்பெர்கர் அன்று தன் முதல்தர வீரர்கள் பலரை வெளியே உட்காரவைத்திருந்தார். எட்டு கோலை வாங்கிக்கொண்டு கால்களைச் சேமித்தார் என்று அதைப் படிக்கலாம். பதினான்கு நாள் கழித்து ஜூலை 4, பேர்னில் இறுதிப்போட்டி. எட்டாவது நிமிடத்தில் ஹங்கேரி 2–0. பதினெட்டாவது நிமிடத்தில் 2–2. 84ஆவது நிமிடத்தில் ஹெல்மூட் ரானின் கோல், 3–2. அன்று மழை. ஜெர்மனியர் அணிந்திருந்தது அடி டாஸ்லர் செய்துகொடுத்த, ஆணி மாற்றக்கூடிய பூட்ஸ். சேற்றுக்கேற்ப நீளமான ஆணியைத் திருகிக்கொண்டார்கள். கார்த்திகை, மார்கழி மழையில் ஊறிய மைதானத்தில் ஆடுகிறவர்களுக்கு இது பழங்கதை அல்ல. வேகமும் குறும் பாஸும் கொண்ட அணியின் கோல் சராசரியைச் சேறு தானாகக் குறைக்கும். ஒத்திவைக்கப்பட்ட ஆட்டத்துக்கு அவர்கள் தேதி கேட்டால், மழைக்கால வாரம் ஒன்றைச் சொல்வதில் தவறில்லை.

2004 ஐரோப்பியக் கிண்ணத்தில் கிரேக்கம் ஆறு ஆட்டங்களில் ஏழு கோலோடு கிண்ணம் வென்றதும் இதே சூத்திரம். அரையிறுதியில் வீழ்த்திய செக் குடியரசு அதற்கு முன் 10 கோல் போட்டிருந்தது.

வெயில் காலம் வேறு கணக்கு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வறண்டு வீசும். நாணயச் சுழற்சியில் வெல்பவர் 2019இலிருந்து பந்தை உதைக்கும் உரிமையையோ பக்கத்தையோ தெரிவுசெய்யலாம். நான் பக்கத்தையே கேட்பேன். மைதானம் கிழக்கு மேற்காகக் கிடந்தால், முதல் பாதியில் கிழக்குக் கோலைக் காக்கவேண்டும். காற்று முகத்தில் அடிக்கும்தான், ஆனால் அப்போது கால்களில் தெம்பு இருக்கும். நாலு மணி ஆட்டத்தின் இரண்டாம் பாதி ஐந்து தாண்டி ஓடும்போது காற்று நம் முதுகில், தாழ்ந்த சூரியன் எதிரணிக் கோல்காப்பாளரின் கண்ணில். ஒரு சதமும் செலவில்லாத இலாபம் இது.

வெயிலில் ஓடுபவர் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லீற்றர்வரை வியர்ப்பது சாதாரணம். பதினாறு பேருக்கு ஆளுக்கு இரண்டு லீற்றர் என்றால் 32. இருபது லீற்றர்க் கான் இரண்டு போதும், ஒரு கானில் உப்பும் தேசிக்காயும். விதிகள் 90 செக்கன் முதல் 3 நிமிடம்வரை குளிர்விக்கும் இடைவேளை அனுமதிக்கின்றன. நடுவரிடம் ஆட்டத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கி ஆடும் அணிக்கு ஒவ்வொரு இடைவேளையும் கட்டைத் திருத்திக்கொள்ளும் நேரம். நேரம் கடத்துவதில் மட்டும் பழைய பழக்கத்தை நம்பவேண்டாம்: 2025 ஜூலையிலிருந்து கோல்காப்பாளர் எட்டு செக்கனுக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோணர். வாவியோர மைதானத்தில் பந்து தண்ணீருக்குள் போய்விட்டாலும் அதை எடுத்துவரும் நேரத்தை நடுவர் ஆட்டத்தோடு கூட்டிக்கொள்ளலாம்.

இனி நம் 0.75. முன்னால் இரண்டு வேகக்காரரை விட்டுவைத்தால் ஆட்டத்துக்கு மூன்று நல்ல எதிர்த்தாக்குதல் கிடைக்கலாம், ஐந்துக்கு ஒன்று என்ற வீதத்தில் 0.6. கோணர் உதைகளில் நூற்றுக்கு மூன்றளவே கோலாகின்றன. ஐந்து கோணருக்கு 0.15. மொத்தம் 0.75, ஒரு கோலாவது போடும் வாய்ப்பு 53 வீதம். கோணருக்காக இரண்டு நெடிய தடுப்பாளர்களையும் மேலே அனுப்பும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. 0.03க்காகப் பின்கதவைத் திறந்து வைப்பது வீண் செலவு.

ஒரு கோல் பின்னால் நின்றால் ஏடு தலைகீழாகும். முப்பது நிமிடம் மீதியிருக்க, இறுக்கியே ஆடினால் அந்தக் கோலை ஈடுசெய்யும் வாய்ப்பு 14 வீதம், திறந்தால் 19. பத்து நிமிடம் மீதியிருக்க 7க்கு 13. எனவே அறுபதாவது நிமிடத்தில் பதறுவதில் இலாபம் சொற்பம். கோல் வித்தியாசமும் புள்ளிப் பட்டியலில் எண்ணப்படும் என்பதால் நான் எண்பதாவது நிமிடம்வரை பொறுப்பேன். அதன்பின் தடுப்பாளர் ஒருவரை எடுத்துவிட்டு முன்வரிசைக்காரரை இறக்குவேன், இன்னொன்று விழுந்தாலும் பரவாயில்லை.

விலகல் முறையில் சமநிலை நெருங்கினால் மாற்று வீரர் கணக்கு வேறு. இறுதி விசில் ஊதும்போது மைதானத்தில் நிற்பவர்கள் மட்டுமே பெனல்டி அடிக்கலாம். பொதுவாக நான்கில் மூன்றுக்குச் சற்று மேல் உள்ளே போகும் உதை அது. ஓடிக் களைத்த நடுக்களத்தவர் இருவரை 85ஆவது நிமிடத்தில் எடுத்து, பயிற்சியில் தவறாமல் அடிக்கும் இருவரை இறக்கவேண்டும். சுற்றுப்போட்டிக்குச் சுற்றுப்போட்டி மாற்று வீரர் எண்ணிக்கை மாறும். மூன்றுதான் என்றால் இரண்டை இதற்கென்று மிச்சம் பிடித்து வைக்கவேண்டும், ஐந்தென்றால் தாராளம்.