உஷார்! காமனைக் கூலிக்கு எரிக்காதீர்கள்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைத் தோட்டங்களில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவோம். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அன்றைய துரை பங்களாக்கள் பல இன்று சுற்றுலா விடுதிகள். அங்கிருந்து யாராவது வந்து, "அரைமணி நேரக் காமன் கூத்து போடுங்கள். ரதி, மன்மதன் போதும், கடைசியில் நெருப்பு கட்டாயம் வேண்டும்" என்று டிசம்பரில் கேட்டால் சம்மதித்துவிடாதீர்கள். கொழுந்து பறித்துப் பிழைக்கும் வீட்டில் அந்தக் காசின் கனம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் காப்புக் கட்டி, விரதம் இருந்து வேடம் போடுகிறார்கள். தகனத்தன்று தப்புச் சத்தம் விடிய விடிய ஓயாது. காமன் எரிந்து ரதி ஒப்பாரி வைக்கும்போது, லயத்துப் பெண்கள் தங்கள் வீட்டில் செத்தவர்களை நினைத்து அழுகிறார்கள். மூன்றாம் நாள் காமனை உயிர்ப்பித்தால்தான் கூத்து முடியும். விடுதி முற்றத்தில் எரித்தவனை யார் எழுப்புவது? விருந்தாளி அதற்குள் எல்லவுக்கு ரயிலேறியிருப்பார்.

பாலித் தீவிலும் இந்தச் சிக்கல் வந்தது. கோயில் ஆட்டங்கள் ஓட்டல் மேடை ஏறின. 1971இல் அங்குள்ளவர்கள் கூடிப் பேசி, ஆட்டங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: கோயிலின் உள்ளே ஆடுவது, சடங்கை ஒட்டி ஆடுவது, வேடிக்கைக்கு ஆடுவது. விருந்தினரை வரவேற்கத் தனியாக ஓர் ஆட்டமும் அமைத்துக்கொண்டார்கள். நாமும் கும்மி, கோலாட்டம், தப்பாட்டத்தை விடுதிக்குக் கொடுக்கலாம். நல்ல கூலியும் கேட்கலாம். கம்பமும் தகனமும் பொட்டலை விட்டு நகரக் கூடாது. மரபை எது கெடுக்கும் என்று தீர்மானிப்பதில் அதை வைத்திருக்கும் மக்களுக்கு முக்கிய இடம் உண்டு என்று யுனெஸ்கோவே 2015இல் வகுத்த நெறிகளில் சொல்லியிருக்கிறது.

இன்னொரு உஷார். கூத்து வாத்தியாரின் பாட்டுக் கொப்பியை "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். உங்கள் வீட்டில் வைத்தே படம் எடுக்கட்டும். ஒரு பிரதி தோட்டத்துப் பாடசாலையிலும் இருக்கட்டும். பல பாட்டுகள் அந்த ஒரு கொப்பியிலும் அவர் தொண்டையிலும்தான் இருக்கின்றன.

வெளியூர்க்காரர் மாசியில் நம் பொட்டலுக்கே வரட்டும், பாய் விரித்து உட்கார வைப்போம். ஆனால் கம்பம் ஊன்றும் முன்பே கோயில் கமிட்டியும் வாத்தியாரும் இளைஞரும் கூடி, எதைக் கொடுப்போம், எதைக் கொடுக்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.