இல்லம் திரும்பிய பின் வந்த காய்ச்சல்

கொடிய நோயைக் கடந்து இல்லம் திரும்புவோரைக் குடும்பம் களிப்புடன் வரவேற்கிறது. நேர்ச்சைகள் செலுத்தப்படுகின்றன, துணைக்கு வந்த உறவினர் விடைபெறுகின்றனர். துன்பம் தீர்ந்ததென்று எல்லாரும் நம்பியிருக்கும் வேளையில் புதிய தொல்லையொன்று தலைகாட்டினால், நோயாளியும் அவரைச் சூழ்ந்திருப்போரும் மனமுடைந்து போகின்றனர். "செபமும் மருந்தும் வீணாயினவோ?" என்னும் ஐயம் எழுகின்றது. இச்சோதனை திருச்சபையின் தலைவர் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

1981 மே 13, பாத்திமா அன்னையின் திருநாள். உரோமை இராயப்பர் சதுக்கத்தில் மக்களிடையே வலம் வந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் துப்பாக்கியால் சுடப்பட்டார். ஜெமெல்லி மருத்துவமனையில் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக அறுவை சிகிச்சை நடந்தது. குண்டு துளைத்த குடல் செப்பனிடப்பட்டது. குடற்கழிவு வெளியேற வயிற்றில் தற்காலிக வழியொன்று அமைக்கப்பட்டது. இழந்த குருதிக்கு ஈடாகப் பிறர் குருதி ஏராளமாக ஏற்றப்பட்டது. ஜூன் 3ஆம் நாள் அவர் வத்திக்கான் திரும்பினார். உலகெங்கும் நன்றி மன்றாட்டுகள் எழுந்தன.

ஆனால் சில நாட்களிலேயே காய்ச்சல் தொடங்கியது. உடல் மெலிந்தது, சோர்வு மிகுந்தது. ஜூன் 20ஆம் நாள் அவர் மீண்டும் அதே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

மறைந்திருந்த நுண்கிருமி

காயத்தில் சீழ் பிடித்ததோ என்று தேடிய மருத்துவர்கள், இறுதியில் உண்மைக் காரணத்தைக் கண்டனர். அது 'சைட்டோமெகலோ வைரஸ்' என்னும் நுண்கிருமி. சின்னம்மையை உண்டாக்கும் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பலர் இளமையிலேயே இதற்கு ஆளாகியும் நோய்க்குறி ஏதுமின்றி வாழ்கின்றனர். ஆயினும் கிருமி உடலை விட்டு நீங்குவதில்லை. வெள்ளணுக்களில் உறங்கிக் கிடக்கும். நலமுள்ள ஒருவர் நல்லெண்ணத்துடன் அளிக்கும் குருதியோடு, அவரும் அறியாமல் அது பிறர் உடலில் புகக்கூடும். குருதி ஏற்றிய மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் காய்ச்சலாக வெளிப்படுவது இதன் இயல்பு. திருத்தந்தைக்கு நேர்ந்ததும் இதுவே. உயிரைக் காத்த குருதியே இத்தொல்லைக்கும் வழியாயிற்று. அதற்காக அக்குருதி வேண்டாததாகிவிடுமோ?

அந்நாளில் இக்கிருமிக்கெனத் தனி மருந்து வழக்கில் இல்லை. ஓய்வும் ஊட்டமும் பொறுமையுமே துணை நின்றன. பின்னாளில் மருந்துகள் வந்துள்ளன. குருதியிலிருந்து வெள்ளணுக்களை வடிகட்டி நீக்கும் முறையும் இன்று உண்டு.

காய்ச்சல் தணிந்தபின், குடலை மீண்டும் இணைக்கும் இரண்டாம் அறுவையைத் தள்ளிப்போடலாமென மருத்துவர் சிலர் கருதினர். திருத்தந்தையோ தம் நிலையைத் தமக்கு விளக்கும்படி கேட்டார். தம் கருத்தையும் எடுத்துரைத்தார். நோயாளி வெறும் சிகிச்சைப் பொருளல்லர், தம் நோயைப் பற்றிப் பேச உரிமையுள்ள ஆள் என்பது அவர் நிலை. ஆகஸ்ட் 5ஆம் நாள் இரண்டாம் அறுவை நடந்தது. ஆகஸ்ட் 14ஆம் நாள், மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளுக்கு முந்திய தினம், அவர் நலமுடன் திரும்பினார்.

குடும்பத்தார் கடமை

நம் இல்லங்களிலும் இது நிகழலாம். அறுவைக்குப் பின் காய்ச்சல் திரும்பினால், வீட்டிலிருக்கும் பழைய மாத்திரைகளைக் கொடுத்துக் காலம் கடத்தலாகாது. குருதி ஏற்றியிருந்தால் அதை மருத்துவரிடம் மறவாமல் கூறவேண்டும். மருத்துவமனை தந்த சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். படுக்கையில் கிடந்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ குருதிக்கட்டி காரணமாகலாம். அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். காசநோய் மருந்து உண்போரின் கண்கள் மஞ்சளித்தால், ஈரல் தாக்குண்டிருக்கலாம். தாமதமின்றி மருத்துவரை நாடி, அவர் சொற்படி நடக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மேலாக, நோயாளியைக் குறை கூறாதிருப்போம். "இன்னுமா தேறவில்லை?" என்னும் ஒரு சொல், காய்ச்சலினும் அதிகமாகச் சுடும். அச்சொல்லுக்கு அஞ்சியே பலர் தம் வேதனையை மறைக்கின்றனர். மறைத்த நோய் முற்றிவிடுகிறது.

துன்பத்தின் பொருள் குறித்து 1984 பிப்ரவரி 11ஆம் நாள் திருத்தந்தை வெளியிட்ட மடலில் நல்ல சமாரியனைப் பற்றிச் சிந்திக்கிறார். அச்சமாரியன் செய்த ஒன்றை நாமும் எண்ணிப் பார்ப்போம். காயமுற்றவனைச் சாவடியில் சேர்த்ததோடு தன் கடமை முடிந்ததென்று அவன் கருதவில்லை. மேலும் செலவாகக் கூடுமென்று முன்னரே உணர்ந்து, திரும்பி வருகையில் அதையும் தருவதாக வாக்களித்தே சென்றான். தேறிவரும் நோயாளிக்கு அத்தகைய வாக்கை அளிப்பதே உடனிருப்போரின் அன்பு.