நாத்திகர்கள் திருத்திய படிகள்

1938-ன் இறுதியில், பில் வில்சன் என்ற அமெரிக்கப் பங்குத் தரகர் குடியை விட நினைப்பவர்களுக்காகப் பன்னிரண்டு படிகளை எழுதினார். மருத்துவர் பாப் ஸ்மித்துடன் சேர்ந்து 1935-ல் ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் அவர் தொடங்கியதுதான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ஏஏ. படிகளின் முதல் வரைவில் கடவுள் தாராளமாக இருந்தார். குழுவிலிருந்த ஜிம் பர்வெல் போன்ற நாத்திகர்கள் விடவில்லை. வாக்குவாதம் ஓய்ந்தபோது, இரண்டாம் படியில் கடவுள் போய் ‘மேலான சக்தி’ வந்தது. மூன்றாம் படியில் கடவுள் தங்கினார். ஆனால் அவர் யார், எப்படிப்பட்டவர் என்பது அவரவர் புரிதலுக்கு விடப்பட்டது. குழுவையே அந்தச் சக்தியாகக் கொள்ளலாம் என்று 1953-ல் வெளிவந்த ஏஏ நூலே சொல்லிவிட்டது.

இது வெறும் சமரசம் அல்ல என்பது என் எண்ணம். நீண்டகாலக் குடியில், மதுவின் வாசனை, வழக்கமான மாலை நேரம், கடை இருக்கும் தெரு எல்லாமே மூளையின் டோபமைன் சுற்றுகளைத் தூண்டும் சமிக்ஞைகளாகிவிடுகின்றன. தூண்டுதலை அடக்க வேண்டிய முன்மூளைப் பகுதியோ வலுவிழந்திருக்கிறது. காலையில் சத்தியம் செய்வதும் மாலையில் அதை மீறுவதும் ஒரே மூளைதான். அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள, அந்த மூளைக்கு வெளியே ஏதாவது வேண்டும்.

கதவுக் குமிழைக்கூட மேலான சக்தியாக வைத்துக்கொள்ளலாம் என்று ஏஏ வட்டாரத்தில் வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. இரவு பதினோரு மணிக்கு அழைத்தால் குமிழ் போனை எடுக்காது. ‘ஸ்பான்சர்’ எனப்படும் மூத்த உறுப்பினர் எடுப்பார்.

ஆய்வுகளும் ஏறக்குறைய அந்தப் பக்கமே நிற்கின்றன. 1990-களில் அமெரிக்காவில் 1,726 பேரிடம் நடந்த ‘புராஜெக்ட் மேட்ச்’ ஆய்வின் தரவுகளை ஹார்வர்டைச் சேர்ந்த ஜான் கெல்லி குழுவினர் அலசினார்கள். ஏஏ பலன் தருவது பெரும்பாலும் இரண்டு வழிகளில்: குடிக்கும் சகவாசம் குறைந்து குடிக்காதவர்கள் நட்பு கூடுகிறது, நாலு பேர் குடிக்கும் இடத்திலும் மறுக்க முடியும் என்ற தன்னம்பிக்கை வளர்கிறது. ஆனால் நோய் முற்றியவர்களிடம் ஆன்மிகத்துக்கும் ஒரு பங்கு தெரிந்தது. நாத்திகருக்கு இது உவப்பாக இராது, மறைப்பதற்கும் இல்லை.

அதே தரவுகளை வைத்து 2002-ல் வந்த இன்னொரு கட்டுரை இன்னும் சுவாரசியமானது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் ஏஏ கூட்டங்களுக்குக் குறைவாகவே போகிறார்கள். போனவர்களுக்கோ, நம்பிக்கையாளர்களுக்குக் கிடைத்த அதே பலன் கிடைத்தது. அப்படியானால் சிக்கல் சிகிச்சையில் இல்லை, வாசலில்தான்.

வாசலை அகலமாக்க முயன்றவர்களும் உண்டு. சிகாகோவில் 1975-லேயே நாத்திகர்களுக்கெனத் தனி ஏஏ குழு தொடங்கியது. 1994-ல் வந்த ‘ஸ்மார்ட் ரெகவரி’ மேலான சக்தி என்ற பேச்சையே விட்டுவிட்டு, அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் உத்திகளைக் கையில் எடுத்தது. ஆனால் 2011-ல் டொரன்டோவில், கடவுளைக் குறிக்கும் சொற்களைப் படிகளிலிருந்து நீக்கிய இரண்டு குழுக்களை அந்நகர ஏஏ தன் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது. விவகாரம் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போன பிறகே திரும்பச் சேர்த்தார்கள்.